அடிலெய்டிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை: பெற்றோருடன் இரண்டு வாரச் சாலைப் பயணம்

ஜூன் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து பெற்றோர் வருகிறார்கள், அவர்களுடன் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து உலுரு பாறை வரை காரில் போக இரண்டு வாரம் ஒதுக்கியிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். வழியில் எந்த ஊர்களில் தங்கலாம், நாட்டுப்புறக் கண்காட்சி ஏதாவது பார்க்கக் கிடைக்குமா, விமானத்தில் போய் மூன்று நாளில் திரும்புவதே மேல் என்று நண்பர்கள் சொல்வது சரிதானா என்பவை உங்கள் கேள்விகள். காரிலேயே போங்கள் என்பதுதான் என் பதில். விமானத்தில் போனால் உலுரு ஒரு பெரிய சிவப்புப் பாறையாக மட்டும் தெரியும். சாலை வழியே போனால், கோதுமை வயல் புதர்க்காடாகி, புதர்க்காடு கல்வெளியாகி, மழை படிப்படியாகக் குறைந்துகொண்டே போவதைக் கண்ணால் பார்த்தபடி நான்கைந்து நாள் வறட்சிக்குள் பயணம் செய்த பிறகு அந்தப் பாறையின் அடியில் ஒரு சுனையைக் காண்பீர்கள். அந்தச் சுனையின் மதிப்பு அப்போதுதான் விளங்கும்.

நாள் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். பாலைவனத்தின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரின் ஆண்டு வேளாண் கண்காட்சி ஜூலையின் முதல் வெள்ளி, சனிக்கிழமைகளில் நடப்பது வழக்கம். ஊரார் அதை ‘ஷோ’ என்றே சொல்வார்கள். அந்த வெள்ளிக்கிழமை அங்கு பொது விடுமுறை. இந்த இரண்டு நாளை மையமாக வைத்து மற்றவற்றைப் பின்னோக்கி அடுக்குங்கள். வியாழக்கிழமை மாலை ஆலிஸ் சேர வேண்டுமானால், அதற்குப் பதினொரு நாள் முன்னதாக ஞாயிற்றுக்கிழமை காலை அடிலெய்டை விட்டுக் கிளம்ப வேண்டும். குவோர்னில் ஓர் இரவு, வில்பீனாவில் இரண்டு, போர்ட் அகஸ்டாவில் ஒன்று, கூபர் பீடியில் இரண்டு, எர்ல்டண்டா ரோடுஹவுஸில் (பெட்ரோலும் உணவும் தங்க இடமும் கிடைக்கும் சாலையோர நிலையம்) ஒன்று, உலுருவுக்குப் பக்கத்திலுள்ள யுலாராவில் மூன்று, கிங்ஸ் கேன்யனில் ஒன்று, ஆலிஸில் மூன்று என்று கணக்கு சரியாகப் பதினான்கு இரவு வரும். இன்னும் நான்கு ஊர்களைச் சேர்க்கலாமே என்று வரைபடத்தைப் பார்க்கும்போது தோன்றும். சேர்க்காதீர்கள். அறுபதைக் கடந்தவர்களை நாளுக்கு அறுநூறு கிலோமீட்டர் தொடர்ந்து உட்கார வைத்தால், மூன்றாம் நாளில் அவர்களுக்கு எந்த மலையையும் பார்க்கும் மனம் இருக்காது. இந்தத் திட்டத்தில் மிக நீளமான நாள்கள் இரண்டு: போர்ட் அகஸ்டாவிலிருந்து கூபர் பீடி வரை ஏறத்தாழ 540 கி.மீ., அங்கிருந்து எர்ல்டண்டா வரை அதைவிடச் சற்றுக் குறைவு.

குவோர்னை விட்டு ஹாக்கர் என்னும் ஊரை நோக்கி வடக்கே போகும்போது சாலையோரத்தில் கூரையில்லாத கல்வீடுகளைப் பார்ப்பீர்கள். அவற்றின் கதை தெரிந்தால் இந்தப் பயணம் முழுவதுக்கும் ஒரு திறவுகோல் கிடைக்கும். 1864-65ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியை அடுத்து, தென் ஆஸ்திரேலியக் குடியேற்ற அரசின் தலைமை நில அளவையாளரான ஜார்ஜ் கோய்டர் குதிரையிலேயே நெடுந்தூரம் சுற்றி, எந்தச் செடி எங்கே நின்று எந்தச் செடி தொடங்குகிறது என்பதைக் கவனித்து, வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். அதற்குத் தெற்கே பயிர் செய்யலாம். வடக்கே மழையை நம்பக் கூடாது. ஆண்டு மழை ஏறத்தாழ 250 மில்லிமீட்டராக இருக்கும் எல்லை அது. 1870களில் சில ஆண்டுகள் நல்ல மழை பெய்ததும், ஏர் போகும் இடமெல்லாம் மழை பின்னாலேயே வரும் என்ற பேச்சை நம்பி மக்கள் கோட்டைத் தாண்டிப் போய்க் கோதுமை விதைத்தார்கள். ஊர்களுக்கு மனை பிரித்தார்கள். 1880களின் தொடக்கத்தில் மழை பொய்த்தது. வீடுகள் மட்டும் நின்றுவிட்டன. வானம் பார்த்த பூமி என்ற சொல்லோடு வளர்ந்த உங்கள் பெற்றோருக்கு இதை விளக்கத் தேவையே இருக்காது.

அதே வழியில் உள்ள கன்யாக்கா என்னும் பழைய பண்ணையின் இடிபாடுகளில் அரை மணி நேரம் நில்லுங்கள். அந்தப் பண்ணையைத் தொடங்கிய ஹ்யூ புரோபி என்ற இளைஞர் 1852இல் இறந்தது தாகத்தால் அன்று. வில்லோக்ரா ஓடையில் திடீரென்று புரண்டு வந்த வெள்ளத்தில். வறண்ட நாட்டில் மழை குறைவு என்பது பாதி உண்மைதான். வரும்போது அது எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுவரும் என்பது மீதிப் பாதி. ஆகவே மணல் ஓடைக்குள் காரை நிறுத்துவதும் ஓடைப் படுகையில் கூடாரம் அடிப்பதும் கூடாது. சாலையை நீர் மூடியிருந்தால் ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் கடக்காதீர்கள்.

வில்பீனா பவுண்ட் என்பது பிளிண்டர்ஸ் மலைத்தொடரில் உள்ள வட்டில் போன்ற ஓர் அமைப்பு. வானிலிருந்து பார்த்தால் விண்கல் விழுந்த பள்ளமோ எரிமலை வாயோ என்று தோன்றும், இரண்டும் இல்லை. கீழ்நோக்கி வளைந்து மடிந்த பாறை அடுக்குகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் தேய்ந்து, கெட்டியான விளிம்பு மட்டும் மதில்போல நின்றிருக்கிறது. இந்த மண்ணுக்குரிய அட்ன்யாமத்தன்ஹா மக்கள் இதை இக்காரா, அதாவது கூடும் இடம் என்கிறார்கள்; மதில்களாகக் கிடப்பவை இரண்டு அகுர்ரா நாகங்களின் உடல்கள் என்பது அவர்கள் மரபு. 1,171 மீட்டர் உயரமுள்ள செயின்ட் மேரி சிகரத்தின் உச்சிக்கு ஏற வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். பெற்றோரால் எப்படியும் ஏற இயலாது. நீங்களும் உச்சிக்குக் கீழுள்ள கணவாயோடு நின்றுகொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஏற்றது ஓடைக்கரை வழியாக ஹில் குடும்பத்தின் பழைய வீடு வரை போகும் பாதை. நூறாண்டுக்கு முன் அந்தக் குடும்பம் மலைமதிலுக்கு உள்ளே நிலத்தைத் திருத்திக் கோதுமை விளைவித்தது. விளைந்ததை வெளியே கொண்டுவரக் குறுகிய கணவாய் ஒன்றில் அரும்பாடுபட்டுச் சாலை போட்டார்கள். 1914இல் ஒரு வெள்ளம் அந்தச் சாலையை அடித்துக்கொண்டு போனது, அவர்களும் போய்விட்டார்கள். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை உங்கள் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். நான் என் மாமனாரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பவானிக் கரையில் வாழைத்தோட்டம் வைத்திருந்தவர்.

இன்னொரு நாளைப் பிரச்சினா பள்ளத்தாக்குக்குக் கொடுங்கள். இருபது கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சரளைச் சாலையில் பாறை அடுக்குகளைக் காலவரிசையில் விளக்கும் பலகைகள் இருக்கின்றன. இம்மலைத்தொடரின் மேற்கில் உள்ள இடியாக்கரா குன்றுகளில் 1946இல் ரெக் ஸ்பிரிக் என்ற நிலவியலாளர், ஓடோ எலும்போ இல்லாத மென்னுடல் உயிரிகளின் தடங்களைக் கல்லில் கண்டார். அதுவரை உயிர் இல்லாத காலம் என்று கருதப்பட்ட அடுக்கில் உயிர் இருந்தது. 2004இல் புவி வரலாற்றின் ஒரு காலப் பகுதிக்கே இடியாக்கரன் என்று பெயர் சூட்டப்பட்டது. அதன் தொடக்கத்தைக் குறிக்கும் உலகளாவிய குறியீடு இந்தப் பள்ளத்தாக்கில்தான் பதிக்கப்பட்டிருக்கிறது. காரை வாடகைக்கு எடுக்கும்போது ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். சரளைச் சாலையில் ஓட்டவும், இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டவும் பல ஒப்பந்தங்கள் தடை விதிக்கின்றன. ஒருமுறை நான் எடுத்த வண்டியில் இந்தத் தடை கடைசிப் பக்கத்தில் இருந்தது. சக்கரத்துக்கு மேலே சிறு கல் பட்ட தழும்புக்குக் காப்பீடு கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். அதுமுதல் கேட்டு எழுதி வாங்காமல் நான் சாவியைத் தொடுவதில்லை.

போர்ட் அகஸ்டாவில் அரிசி, பருப்பு, காய்கறி, குடிநீர் எல்லாவற்றையும் வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். இதற்கப்பால் ஆலிஸ் வரை பெரிய கடை இல்லை; விலையும் ஏறிக்கொண்டே போகும். ரோடுஹவுஸ்களில் சைவம் என்றால் பொரித்த உருளைக்கிழங்கும் சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டியும்தான். சமையலறையுடன் கூடிய கேபின்களைத் தேடிப் பதிவு செய்து, சிறிய ரைஸ் குக்கர் ஒன்றை எடுத்துப் போனால் அம்மாவின் உடல்நலம் கெடாமல் இருக்கும். ஒருவருக்குப் பத்து லிட்டர் தண்ணீராவது தொடாமல் வண்டியில் இருக்கட்டும். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடந்து போகக் கூடாது என்பது இந்நாட்டின் முதல் பாடம். உதவிக்கு வருபவர்கள் கண்ணில் முதலில் படுவது கார்தான், மனிதன் அல்ல.

அங்கிருந்து வடக்கே போவது ஸ்டுவர்ட் நெடுஞ்சாலை. 1862இல் தெற்கிலிருந்து வடகடல் வரை போய்த் திரும்பிய ஜான் மெக்டவுல் ஸ்டுவர்ட்டின் பெயர் அது. சுனையிலிருந்து சுனைக்குப் போனதால்தான் அவரால் போக முடிந்தது. அவர் கண்ட வழியை ஒட்டியே பத்தாண்டுக்குள் தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. க்லெண்டாம்போவைத் தாண்டினால் கூபர் பீடி வரை 254 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது. பாதித் தொட்டி இருக்கிறதே என்று எண்ணாமல் அங்கே நிரப்புங்கள். கைப்பேசிக்கு ஊர்களை ஒட்டி மட்டுமே சமிக்ஞை கிடைக்கும். சாலையில் சில இடங்களில் விமான ஓடுதளக் குறிகள் வரையப்பட்டிருக்கும்; அவசர நோயாளிகளை ஏற்றிச் செல்லப் பறக்கும் மருத்துவர் சேவையின் விமானங்கள் நெடுஞ்சாலையிலேயே இறங்குவதற்காக. 1928இல் ஜான் பிளின் என்ற பாதிரியாரின் முயற்சியால் குவீன்ஸ்லாந்தில் தொடங்கிய சேவை அது. மூன்று நான்கு பெட்டிகளை இழுத்து வரும் ரோடு ட்ரெயின் என்னும் லாரிகள் 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். அவற்றை முந்துவதற்கு நீங்கள் நினைப்பதைவிட மும்மடங்கு தூரம் வெறுமையான சாலை வேண்டும். அவசரம் இல்லையென்றால் பின்னாலேயே போங்கள். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரைதான் ஓட்டுவது என்று உறுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தி மயங்கும் வேளையில் கங்காருக்கள் சாலைக்கு வருகின்றன. வேலியில்லாத இடங்களில் மாடுகளும் நிற்கும். எதிரே வருபவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், நீங்களும் தூக்குங்கள்.

கூபர் பீடியில் 1915இல் வில்லி ஹட்சிசன் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் ஓபல் என்னும் மணிக்கல்லைக் கண்டான். பொன் தேடி வந்த தந்தையின் குழுவோடு தண்ணீர் தேடிப் போனபோது கண்டெடுத்தது. கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் வெயிலிலிருந்து தப்ப, சுரங்கம் தோண்டத் தெரிந்தவர்கள் வீட்டையும் குன்றுக்குள்ளேயே குடைந்துகொண்டார்கள். உள்ளே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 24 டிகிரி. நிலத்தடி விடுதியில் ஓர் இரவாவது தங்குங்கள். அங்குள்ள இருளும் நிசப்தமும் வேறெங்கும் கிடைக்காதவை. குடைந்தே கட்டிய செர்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் ஒன்றும் உண்டு. ஊரின் குடிநீர் இருபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்து உப்பு நீக்கப்பட்டு வருகிறது. ஊரைச் சுற்றிலும் மூடப்படாத சுரங்கக் குழிகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், புகைப்படம் எடுக்கிறேன் என்று பின்னோக்கி நடக்க வேண்டாம். பெற்றோரைக் கைபிடித்தே கூட்டிப் போங்கள்.

மாலையில் ஊருக்கு வடக்கேயுள்ள பிரேக்அவேஸ் குன்றுகளுக்குப் போனால் அந்தப் பக்கத்தில் ஒரு கம்பிவேலியைக் காணலாம். டிங்கோ என்னும் காட்டுநாய் ஆட்டுப்பட்டிகளுக்குள் நுழையாமலிருக்க, 5,600 கிலோமீட்டருக்கு நாட்டின் குறுக்கே நீளும் வேலி அது. வேலிக்குத் தெற்கே ஆடு, வடக்கே மாடு என்பது இந்நாட்டின் கணக்கு. இந்த வட்டாரத்தில் உள்ள ஆன்னா கிரீக் என்ற மாட்டுப் பண்ணை ஒன்றே தமிழ்நாட்டின் பரப்பில் எட்டில் ஒரு பங்கு இருக்கும். ஒரு மாட்டுக்கு வேண்டிய புல் எத்தனை சதுர கிலோமீட்டரில் சிதறிக் கிடக்கிறது என்பதிலிருந்து பிறந்த அளவு அது.

உலுருவைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டதால் தேவையானதை மட்டும் சொல்கிறேன். போகும் வழியில் இடப்புறம் தட்டையான உச்சியுடன் ஒரு மலை தெரியும். அது கானர் மலை, உலுரு அன்று. உலுரு தரையிலிருந்து 348 மீட்டர் உயரம், சுற்றளவு 9.4 கி.மீ. பாறையிலுள்ள இரும்பு துருப்பிடித்ததால்தான் சிவப்பு. உள்ளே பாறை சாம்பல் நிறம். 1985 அக்டோபர் 26 அன்று அது அந்த மண்ணுக்குரிய அனங்கு மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது; அதே தேதியில் 2019இல் ஏறுவது நிரந்தரமாகத் தடைசெய்யப்பட்டது. அடிவாரத்தைச் சுற்றும் பாதை சமதளம்; முழுவதும் நடக்க முடியாவிட்டாலும் முடிஜூலு சுனை வரையிலான சிறு பாதையைப் பெற்றோர் எளிதாக நடக்கலாம். சில பகுதிகளைப் படமெடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். கோயில் கருவறையை நாம் எப்படிப் பார்க்கிறோமோ அப்படி அவற்றைப் பாருங்கள். கல்லோ மண்ணோ எடுத்து வராதீர்கள். எடுத்துப்போன பலர் மன்னிப்புக் கடிதத்தோடு அஞ்சலில் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்திலுள்ள கட்டா ஜுட்டா பாறைக்கூட்டத்தின் முப்பத்தாறு குவிமாடங்களுக்கு ஒரு முழுக் காலைப்பொழுதைக் கொடுங்கள். என் மனத்துக்கு அதுவே உலுருவைவிட நெருக்கமானது. ஜூலை இரவில் பாலைவனம் உறைநிலைக்குக் கீழே போகக்கூடும் என்பதால் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் கட்டாயம். கிங்ஸ் கேன்யன் என்னும் செங்குத்தான பள்ளத்தாக்கில் விளிம்புப் பாதை ஐந்நூறு படிகளுடன் தொடங்குகிறது. பெற்றோர் கீழே ஓடைப் பாதையில் நடக்கட்டும்.

இனி ஷோவுக்கு வருகிறேன். பக்கத்து வீடு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நாட்டில், வானொலி வழியே 1951இல் தொடங்கி இன்று இணையம் வழியே பாடம் படிக்கும் குழந்தைகள் இருக்கும் நாட்டில், எல்லாரும் ஓரிடத்தில் கூடும் நாள்கள் மிகச் சிலவே. ஷோ அப்படிப்பட்ட நாள். நம் ஊர்ப் பொருட்காட்சியோடு ஒப்பிட்டு ராட்டினத்தையும் தின்பண்டக் கடைகளையும் மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். காலையிலேயே போய், முதலில் போட்டிப் பொருள்கள் வைத்திருக்கும் கூடத்துக்குள் நுழையுங்கள். ஸ்கோன், பழக் கேக், ஜாம், ஊறுகாய், தட்டில் அடுக்கிய முட்டை, பின்னல் வேலை, குழந்தைகளின் ஓவியம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு, தனி விதி. முதற்பரிசுக்கு நீல நிற நாடா. ஸ்கோனின் உயரத்தையும் ஜாமின் தெளிவையும் நடுவர்கள் பார்க்கும் கவனத்தை உங்கள் அம்மா நிச்சயம் மதிப்பார். தண்ணீர் அருமையான இந்த மண்ணில் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த எலுமிச்சையைக் கொண்டுவந்து வைப்பதில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பது, கூபர் பீடியைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்குத்தான் புரியும்.

பிறகு மாடுகளையும் குதிரைகளையும் பார்க்கப் போங்கள். வேலிக்கு வடக்கே வந்துவிட்டதால் இங்கே மாட்டுக்குத்தான் முதலிடம். கம்பளிமயிரைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்வதைக் காண விரும்பினால் தென் ஆஸ்திரேலியாவின் தெற்குப் பகுதியில் இளவேனில் காலத்தில் நடக்கும் ஷோக்களுக்குத்தான் போக வேண்டும். மாட்டுக்காரர்கள் அருகில் போய்ப் பேச்சுக் கொடுங்கள். என்ன தீவனம், எவ்வளவு மழை என்று உங்கள் அப்பா கேட்டால் அரை மணி நேரத்துக்குப் பேச்சு நிற்காது. ராட்டினக்காரர்கள் இங்கிருந்து அடுத்தடுத்த வாரங்களில் டெனன்ட் கிரீக், கேத்தரின், டார்வின் என்று வடக்கே நகர்ந்துகொண்டே போவார்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை.

ஷோவுக்கு நேரம் ஒத்துவராவிட்டால் ஜூலை நடுவில் ஒட்டகப் பந்தயமும், ஆகஸ்டில் நீரற்ற டாட் ஆற்றுப் படுகையில் அடிப்பகுதியில்லாத படகுகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயமும் உண்டு. 1962இல் தொடங்கிய அந்தப் படகுப் பந்தயம் 1993இல் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் ரத்தானது. ஜூன் மாத நீண்ட வார இறுதியில் ஃபிங்க் பாலைவன மோட்டார் பந்தயம் நடப்பதால் அந்நாள்களில் ஆலிஸில் அறை கிடைப்பது அரிது.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் முன் பழைய தந்தி நிலையத்துக்குப் போங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற பெயருக்குக் காரணமான ஊற்று அங்கேதான். உண்மையில் அது ஊற்றன்று, ஆற்றுப் படுகையில் தேங்கும் நீர். அரண்டா மக்களின் இந்த நிலத்தில் 1872இல் முடிந்த அந்தத் தந்தித் தடம் டார்வினில் கடலுக்குள் இறங்கி, ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு வழியாகச் சென்னைக்கு வந்து, அங்கிருந்து லண்டன் போனது. இந்தப் பாலைவனத்தின் நடுவே தட்டப்பட்ட சேதிகள் நம் கடற்கரையைத் தொட்டுத்தான் போயின என்பதைப் பெற்றோரிடம் சொல்ல மறக்காதீர்கள். ஊரில் இரவில் தனியே நடப்பதைத் தவிருங்கள். பழங்குடி மக்களை அனுமதி இல்லாமல் படமெடுக்காதீர்கள். ஓவியம் வாங்குவதானால் அவர்களே நடத்தும் கலை நிலையங்களில் வாங்குங்கள்.

திரும்பும் வழிக்கு இரண்டு யோசனைகள். பணம் இடம் கொடுத்தால் காரை ஆலிஸிலேயே ஒப்படைத்துவிட்டுப் பெற்றோருடன் ‘கான்’ ரயிலில் அடிலெய்டுக்கு வரலாம். பஞ்சாப், சிந்து, பலுசிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதிகளிலிருந்து வந்து, ரயிலுக்கு முன் இந்த நாட்டின் சரக்கையெல்லாம் ஒட்டகத்தில் சுமந்தவர்களை எல்லாரும் பொதுவாக ஆப்கானியர் என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரின் சுருக்கம்தான் கான். இல்லையென்றால் பெற்றோரை விமானத்தில் ஏற்றிவிட்டு நீங்கள் மூன்று நாளில் ஓட்டி வாருங்கள். அப்போது தென் ஆஸ்திரேலியாவுக்குள் பழம், காய்கறி கொண்டுவரத் தடை இருப்பதால் மிச்சமிருப்பதை எல்லைக்கு முன்பே தின்று தீர்த்துவிடுங்கள். பள்ளி விடுமுறையும் அதே நாள்களில் வருவதால் இப்போதே பதிவைத் தொடங்க வேண்டும். முதலில் ஷோ தேதியை உறுதி செய்துகொண்டு ஆலிஸில் அறை. அடுத்து யுலாரா, அங்கேதான் இடம் குறைவு, விலை அதிகம். அதன்பின் கிங்ஸ் கேன்யன், கூபர் பீடி, வில்பீனா. குவோர்னுக்கும் போர்ட் அகஸ்டாவுக்கும் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.